சாக்பீஸ் கோடு

காலை ஏழு மணிக்கு நல்ல பிள்ளை.
லீவரை இழுத்தால்
ஒன்பது கலப்பையையும் அலுங்காமல் தூக்கும்.
பத்து மணி வெயிலில் எண்ணெய் சுட்டதும்
விக்கல் எடுக்கும்.
ஏறும், இறங்கும், ஏறும்.
வரப்பில் திரும்புவதற்குள்
கொத்து முனைகள் தரையில் கோடு கிழிக்கும்.

மேஸி. தொண்ணூற்றாறாம் வருஷத்து வண்டி.
மட்கார்டில் ஒட்டிய முருகன் வெளுத்து
வேல் மட்டும் மீதி.

முதலில் எண்ணெயைப் பார்த்தேன்.
தண்ணீர் கலந்திருந்தால் மோர் நிறம் காட்டும் என்பார்கள்.
காட்டவில்லை. தேன் நிறம்,
கொஞ்சம் கருகிய தேன்.
ஃபில்டரைக் கழற்றி டீசலில் அலசினேன்.
அடியில் பித்தளைத் தூள், ஒரு சிட்டிகை.
திரும்ப மாட்டி ஓட்டினேன்.
பத்து மணிக்கு விக்கல்.

பேளூர் கடைக்காரர் பம்ப் என்றார்.
கொழுந்தனார் வால்வு என்றார்.
வாழப்பாடி கேட்டில் டீ குடிக்க நின்றவர்கள்
ஆளுக்கொரு பாகம் சொன்னார்கள்.
நான் மாதேசு என்றேன்.

ஆறு வருஷமாக அவன்தான் ஓட்டினான்.
கரட்டடிக் காட்டில் கலப்பையைத் தொப்பென்று போடுவான்,
நானே பார்த்திருக்கிறேன்.
சேகோ மில்லுக்குக் குச்சிக்கிழங்கு ஏற்றிய நாளில்
"இனிமே நானே ஓட்டிக்கறேன்" என்று
கணக்கை முடித்துக் கையில் கொடுத்தேன்.
எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்தான்.
"அக்கா, தூக்கி நிறுத்திட்டு
எறங்குதான்னு பாருங்க."
அது மட்டும்தான் சொன்னான்.

பார்க்க நாலு மாசம் ஆயிற்று எனக்கு.

மாட்டுக் கொட்டகைத் தூணை ஒட்டி நிறுத்தி
கலப்பையை உச்சிக்குத் தூக்கி
எஞ்சினை அணைத்தேன்.
கொத்து முனை நின்ற உயரத்தில்
தூணில் ஒரு சாக்பீஸ் கோடு.
விருத்தாசலம் ரயில் போனபோது
நாலு விரற்கடை கீழே.
இன்னொரு கோடு.
சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு சாண்.

எஞ்சின் நின்ற பிறகும் இறங்கினால்
பம்பைத் திட்டிப் புண்ணியமில்லை.
தூக்குவதில் குறையில்லை,
தாங்குவதில்தான்.

பக்க மூடியைக் கழற்றி
எஞ்சினை ஓடவிட்டு டார்ச் அடித்தேன்.
உள்ளே நிற்கும் குழாய் நெடுக
எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது,
பிடரியில் வழியும் வியர்வைபோல.

அணைத்தேன். கலப்பையை முழுக்க இறக்கினேன்.
சீட்டுக்கு முன்னால் மேல்தகட்டை எடுத்து
குழாயைத் திருகித் திருகி உருவினேன்.
ஓ-ரிங் உட்கார வேண்டிய பள்ளத்தில்
ஓ-ரிங் இல்லை.
சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம்.
ஊறி, உப்பி,
கொட்டை நீக்கிய புளிபோல விரலில் ஒட்டியது.

ஒரு ஓரம் நேர்,
மறு ஓரம் கோணல்.
பிளேடில் இப்படி விழாது.
அரிவாள்மனையில் விழும்.

போன வருஷத்துக்கு முந்தின ஆடி.
சேர்வராயன் மலைப் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது.
விடிந்தால் உழவு.
மாதேசு தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தான்.
கடை பூட்டியிருந்தது.
பாப்பாவின் பழைய சைக்கிள் டியூப்,
என் அரிவாள்மனை,
ரெண்டு நாள் தாங்கினால் போதும் என்று
மூடி, கை கழுவி,
கழுவியதையும் மறந்தேன்.

புது ரிங் ஆத்தூரில் முப்பத்தைந்து ரூபாய்.
இரவு தூக்கி வைத்த கலப்பை
விடியும்போதும் முதல் கோட்டிலேயே நின்றது.
சேவலுக்கு முன்னால் எழுந்து
நான்தான் போய்ப் பார்த்தேன்.

மாதேசு இப்போது தம்மம்பட்டியில்
யாருடைய மஞ்சள் காட்டிலோ ஓட்டுகிறான்.
போன் போட்டேன்.
எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினான்:
"லிஃப்ட் சரியாச்சாக்கா? என்னதான் ஆச்சு?"

"பம்புதான்டா" என்றேன்.

கொஞ்ச நேரம் அவன் வண்டிச் சத்தம் மட்டும்.
பிறகு அதையும் அணைத்துவிட்டு,
"சரிக்கா" என்றான்.
"நிறுத்திட்டுப் பாத்தீங்களா?"